பத்து வருஷத்துக்கு ஒருமுறை

அல்மாட்டி, 3 ஜூன் 2011

மதிப்புக்குரிய சுற்றுலா முகாம் முதலாளி ஒராஸ்பேக் அவர்களுக்கு,

நலம். நம் மகள் ஜனாரும் நலம். நீங்கள் அனுப்பிய விவாகரத்துத் தாள் வந்தது, கையெழுத்துப் போடவில்லை. "அப்பா ஆத்தங்கரையிலேயே மரவீடுங்க போட்டிருக்காரும்மா. போன வருஷம்தான் சேத்துவெள்ளம் வந்துச்சாம், இனி ஒம்பது வருஷத்துக்கு அது இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதாம்" என்கிறாள் ஜனார். யார் சொன்னது உங்களிடம், வெள்ளமா?

பத்து வருஷத்துக்கு ஒருமுறை என்று வெள்ள ஆய்வு அலுவலகத்தில் அறிக்கை எழுதியவள் நான்தான். அது சராசரி. நிகழ்தகவுப் பரவலின்படி எந்தப் பத்து வருஷத்திலும் ஒன்றுகூட வராமலிருக்க வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தேழு. இரண்டோ கூடுதலோ வர இருபத்தாறு. போன வருஷம் வந்ததைச் சேறு நினைவில் வைப்பதில்லை. இந்த வருஷத்துக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு அப்படியே இருக்கிறது. ஜூலையில் ஜனார் அங்கே தூங்கப்போகிறாள். வீடுகளை மேட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் ஆடுகள்கூட மேட்டில்தான் படுக்கின்றன.

ரைகான்

முகாம், 14 ஜூன்

கணக்குப் புலி ரைகானுக்கு,

உன் கடிதத்தை விருந்தாளிகளுக்கு வாசித்துக் காட்டினேன். குதிரைப்பால் புரையேறச் சிரித்தார்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்கத்தானே அவர்கள் வருகிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். ஒரு கோடைக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன், ஆறு கோடை ஆயிற்று. நீ உன் அக்காவிடம், "இவ்வளவு நாள் ஆயிடுச்சு, இனிமே வராம எங்க போயிடுவாரு?" என்கிறாயாம். காத்திருந்த வருஷம் கூடக்கூட வரவு நெருங்குமா? இது எந்தப் பரவலம்மா?

ஒராஸ்பேக்

அல்மாட்டி, 29 ஜூன்

ஒராஸ்பேக் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டது சரி. அலுவலகத்தில் எல்லோரையும் முட்டாள் என்கிறவள், வீட்டில் அதே முட்டாள்தனத்தை ஆறு வருஷம் செய்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு காத்திருந்தும் உங்கள் வரவு ஒரு நாள்கூட நெருங்கவில்லை. கையெழுத்திட்ட தாள் இத்துடன் இருக்கிறது.

வீடுகள் மேட்டுக்குப் போகாமல் ஜனார் வரமாட்டாள்.

ரைகான்

முகாம், 11 ஆகஸ்ட்

அன்பு ரைகான்,

வெள்ளம் வரவில்லை. ஆனாலும் வீடுகளை டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுத்தது நல்லதாயிற்று, ஜனார் நிம்மதியாகத் தூங்குகிறாள். "அம்மா இப்பல்லாம் உங்களைப் பத்திப் பேசுறதே இல்லப்பா" என்றாள். அன்று முழுக்க நீ அனுப்பிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தாளை இன்னும் நீதிமன்றத்தில் கொடுக்கவில்லை. முப்பதாம் தேதி அவளை நானே கூட்டிவருகிறேன். நானும் அங்கேயே இருந்துவிடட்டுமா?

உன் ஒராஸ்பேக்

அல்மாட்டி, 19 ஆகஸ்ட்

ஒராஸ்பேக் அவர்களுக்கு,

வீடுகளை மாற்றியதற்கு நன்றி. தாளைக் கொடுத்துவிடுங்கள். ஜனாரைப் பேருந்தில் ஏற்றிவிட்டால் போதும், நான் நிலையத்தில் நிற்பேன்.

ரைகான்