மூக்குத்தியில் விழுந்த கீறல்

வள்ளியின் அப்பாவுக்கு,

சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன்.

ஆற்றில் நீங்கள் பொறுக்கி வந்த பளிங்குக் கல்லை டப்பாவில் தேட வேண்டாம். என்னிடம் இருக்கிறது. நக்கிப் பார்த்துவிட்டுப் படிகாரம் இல்லை என்றீர்கள். பிறகு என் முகம் பார்க்கும் கண்ணாடியில் கீறினீர்கள். அந்தக் கோடு இப்போது என் நெற்றிக்கு நேராக வருகிறது. "வைரத்து மேல மட்டும் வேற எந்தக் கல்லும் கீறல் போடாது" என்று சொன்னதும் நீங்கள்தான்.

அதனால் இன்று காலை, கலியாணத்தில் நீங்கள் போட்ட வைர மூக்குத்தியில் அந்தக் கல்லால் கீறிப் பார்த்தேன். கீறல் விழுந்துவிட்டது.

ஒன்று, உங்கள் கல் வைரம். இல்லையென்றால், இத்தனை வருஷம் என் மூக்கில் இருந்தது வைரமில்லை. இரண்டையும் பத்து பாகாட் டவுனில் இருக்கும் நகை ஆசாரியிடம் காட்டப் போகிறேன். உங்கள் கல் வைரமென்றால் சாயந்தர பஸ்ஸில் வருவேன். இல்லையென்றால் அண்ணன் வீட்டில் இருப்பேன்.

கல்லைப் பார்க்கத் தோட்டத்து ஆபீஸ் கிராணியார் வந்தால் காப்பி போட்டுக் கொடுங்கள். சீனி மேல்தட்டில் இருக்கிறது. வெள்ளையாக இருப்பதெல்லாம் சீனியில்லை, நக்கிப் பார்த்துப் போடுங்கள்.

சந்திரமதி

பி.கு.: துளை தூர்ந்துவிடாமல் இருக்க மூக்கில் வேப்பங்குச்சி செருகியிருக்கிறேன். பஸ்ஸில் யாராவது கேட்டால், இது என்ன கல்லென்று என் வீட்டுக்காரர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.