சொல்லாமல் கொடுத்த மருந்து

ஜனவரி 18

பொங்கல் முடிந்து எங்கள் தறிகள் இன்றுதான் ஓடத் தொடங்கின. என் வீட்டுக்காரர் பட்டறைப் பக்கமே போகவில்லை. மத்தியானமே பாலம் தாண்டி பவானிக்குக் குடிக்கப் போய்விட்டார். குமாரபாளையத்தில் குடித்தால் நாலு பேர் பார்ப்பார்களாம். பவானிக்காரர்களுக்குக் கண்ணே கிடையாது போல!

அத்தைக்குத் திடீரென்று மகன்மேல் பாசம் பொங்குகிறது. ஒரு வாரமாக அவருக்கு என்னைப் பரிமாறவே விடுவதில்லை. "நீ போய்ப் படு சாமி, மோகனுக்கு நானே போட்டுக்கறேன்." சரி, எனக்கு ஒரு வேலை மிச்சம்.

ஜனவரி 21

குடித்துவிட்டு வந்தவர் வாசலிலேயே விழுந்தார். முகமெல்லாம் சிவந்து, மூச்சு முட்டி, ஒரே வாந்தி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார்.

அங்கேதான் அத்தை அழுதுகொண்டே சொன்னார் — ஒரு வாரமாகக் குழம்பில் ஏதோ பொடி கலந்து கொடுத்திருக்கிறார்; குடி நிற்கவில்லையே என்று இன்று அதிகமாகவே போட்டாராம். "தெரியாம குடுத்தாத்தான் குடிய மறப்பாங்கன்னு சொல்லி வித்தாங்கம்மா." டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம்! "அது உள்ள இருக்கறப்ப குடிச்சா உயிரே போயிருமுங்க. சர்க்கரை நோய் வேற இருக்கறவருக்கு இப்படித் திருட்டுத்தனமாவா மருந்து குடுப்பீங்க? இதுவும் நோய்தான். அவருக்குச் சொல்லித்தான் வைத்தியம் பண்ணோணும்."

எனக்கு மட்டும் யார் சொன்னார்கள்?

ஜனவரி 22

"நீயுந்தானே கலந்து குடுத்த?" என்று அவர் கேட்டார். "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க மாமா." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜனவரி 30

மறுபடி குடி. வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை, சாப்பாடு கடையில்தான். அத்தை என்னிடமும் பேசுவதில்லை. வடித்த சோறு அப்படியே கிடக்கிறது.

அம்மா போன் செய்தார். "மாப்பிள்ளை நல்லா இருக்காரா கண்ணு?" "இருக்காருங்கம்மா." வைத்துவிட்டு அழுதேன். யாரிடம் சொல்வது? சொன்னால், ஊட்டுல நிம்மதி இருந்தா அவன் ஏன் குடிக்கறான் என்று என் தலையில்தான் விடியும்.

பிப்ரவரி 6

அவர் வராவிட்டாலும் நான் வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தனியாகப் போனேன். குடிக்கிறவர்களின் வீட்டார் கூட்டமாம், என்னைப் போலவே இன்னும் சில பெண்கள். போதையில் இருக்கும்போது பேசாதே, மிரட்டாதே என்றார் டாக்டரம்மா. திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாமாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்துதான் நிறுத்தவேண்டும். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது.

பிப்ரவரி 7

காலையில் அவர் தெளிவாக இருந்தபோது சொல்லிவிட்டேன். "நேத்து டாக்டரம்மாவப் பாத்தனுங்க. ஆஸ்பத்திரில சேந்துதான் குடிய நிறுத்தோணுமாமுங்க. உங்களுக்குத் தெரியாம இனி ஒண்ணுமே செய்ய மாட்டனுங்க. நீங்க செத்துப்போயிருவீங்களோன்னு பயமா இருக்குதுங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 16

"எத்தன நாளு அங்க படுக்கோணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். நாளை சேர்கிறோம்.

மார்ச் 12

வீட்டுக்கு வந்துவிட்டார். குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரையை அவரே போட்டுக்கொள்கிறார்; அந்தப் பொடி மாதிரி ஆபத்தானது இல்லையாம். என் சமையலை மட்டும் தொடவில்லை. தோசையைக் கருக்கித் தானே சாப்பிடுகிறார். ஒரே அடுப்பில் இரண்டு குடித்தனம். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஏப்ரல் 20

சங்ககிரியில் பங்காளி வீட்டுக் காதுகுத்து. அவர் மட்டும் போயிருந்தார். மத்தியானம் போன் வந்தது.

"தனம்... குடிச்சுப்போட்டேன். வேற யாராவது சொல்றதுக்கு முந்தி நானே சொல்றேன். வந்து கூட்டிட்டுப் போறயா?"

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணா? ஓர் அழுகை அழுதேன். பிறகுதான் உறைத்தது — கல்யாணமான நாளிலிருந்து, குடித்ததை அவராக வாய் திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பந்தலுக்கு வெளியே ரோட்டோரம் தனியாக நின்றுகொண்டிருந்தார். வண்டியை அவர் பக்கத்தில் நிறுத்தினேன். பின்னால் ஏறி உட்கார்ந்தவர், "டாக்டரம்மாகிட்டயும் நானே சொல்லிக்கறேன்" என்றார்.

நாளைக் காலையில் இருவரும் போகிறோம்.