மாம்பழப் பெட்டி எழுத்து

9-6 திங்கள். குடிபாலா. வெயில் மண்டையைப் பிளக்குது.

இதெல்லாம் நடக்கும்னு நான் அப்பவே சொன்னவன். மாம்பழ மண்டியில பெட்டிமேல பேரு அடிக்கறப்பவே, "இந்த எழுத்து ஒரு நாள் ஊரை ஆளும்"னேன். ஒருத்தனும் நம்பல. முதலாளி மட்டும் கண் கலங்கினாரு.

இப்ப அக்கா மக கவிதா, திருப்பதியில விளம்பர ஆபீசு. என் பரண்ல கிடந்த பெட்டிப் பலகையைப் பாத்து அதே எழுத்தை கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா. தடியா, நெருக்கமா, ஓரமெல்லாம் பிசிறு. பலகை சின்னது, மண்டி பேரு நீளம். அதான் நெருக்கம். மெட்ராஸ் போற பெட்டிக்கு மட்டும் தமிழ், மத்ததுக்கெல்லாம் தெலுங்கு. எண்ணெய் டின் தகரத்துல எழுத்தை வெட்டி, பலகைமேல வெச்சு மை தடவறது. வெட்டினது நான். ஒரே மூச்சுல மொத்தமும். கோடு கூட போடல.

பாட்டில்மேல பேரு போட ஒரு ஜூஸ் கம்பெனிக்கு இந்த எழுத்து புடிச்சிருக்குதாம். அவங்க எடுத்துகினா கவிதா வேலை பர்மனென்ட்.

வாங்கணும்: பீடி, கத்தரி விதை, டார்ச் பேட்டரி.

11-6 புதன். மேகம் மட்டும். மழை இல்ல.

கவிதா போன். "மாமா, வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வா. ஒரு எழுத்து வெட்டிக் காட்டணும். வீடியோ புடிப்பாங்க."

"ஒண்ணு என்னம்மா, பத்து வெட்டறேன்." வாய் சும்மா இருக்குதா.

டின் ஒண்ணு புடிச்சி 'க' வெட்டினேன். ஆட்டுக்கொம்பு மாதிரி வந்துச்சு. மறுபடி. கத்திரி சரியில்ல. மூணாவதுக்கு வீட்டுக்காரி எட்டிப் பாத்தா. "இன்னாய்யா, எலிப்பொறியா செஞ்சிகினு இருக்க?"

சோறு துன்ன மனசில்ல.

13-6 வெள்ளி. திருப்பதி வரைக்கும் பஸ்ல நின்னுகினே.

கட்டைவிரல்ல துணி சுத்திகினு போனேன். பழகறப்ப வெட்டிகினேன்னு சொன்னேன். கவிதா கண்ல தண்ணி. "எனக்காகவா மாமா?" துணியை இன்னும் இறுக்கிக் கட்டிகினேன்.

மேனேஜர் தெலுங்குக்காரரு. வெட்டினது நீங்கதானான்னு தெலுங்குல கேட்டாரு. "நேனே"ன்னேன்.

விரல் இப்படி இருக்கறப்ப வீடியோ வேணாமாம். பதிலுக்கு ஒரு தாள். இந்த எழுத்தை என் மாமா வெட்டினாரு, வேற யாருக்கும் பங்கு இல்ல, பொய்யா இருந்தா நானே பொறுப்புன்னு கவிதா கையெழுத்து போடணும். திங்கக்கிழமை.

"உன் வார்த்தை போதும் மாமா. அந்தப் பிசிறு இருக்குதே, அதான் அழகு."

லட்டு குடுத்தா. இன்னும் பையிலயே.

14-6 சனி. காலையில தூறல்.

வெதுருகுப்பம் போனேன். கன்னியப்பன் வீடு. மண்டியில என்கூட வேலை பாத்தவன், இப்ப ஆடு மேய்ச்சிகினு இருக்கான். கவிதாவோட எழுத்தைப் போன்ல காட்டினேன். கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பாத்தான்.

"'ழ' வாலு இன்னும் உள்ள வரணும். அங்க தகரம் கிழிஞ்சிடுச்சி, ஞாபகம் இருக்குதா? பிசிறு உன்னுதுதான்டா. எருமையைத் தேய்க்கற மாதிரில்ல மை தேய்ப்ப!"

சிரிச்சான். டீ குடுத்தான். எதுக்கு வந்தன்னு கேக்கல. குடிச்சிட்டு பஸ் ஏறினேன்.

விரல்ல துணி இன்னும் இருக்குது. உள்ள காயம் ஒண்ணும் இல்ல.

கவிதாவுக்கு போன் பண்ணணும். ரெண்டு தரம் எடுத்தேன், வெச்சிட்டேன். முதல்ல இங்க எழுதிப் பாக்கறேன்.

தகரத்தை வெட்டினது கன்னியப்பன். நான் மை தடவினவன்.