தறி நின்ற வரி

ஐப்பசி 22, ஞாயிறு இரவு

குமாரபாளையத்தில் இன்று எங்கள் கவிதை வட்டம் கூடியது. விசைத்தறி ஓட்டும் மலர்க்கொடி, தன் அப்பாவின் சாவைப் பற்றிய கவிதையைத் திருத்தி எழுதி வந்து வாசித்தார். ‘துஞ்சினன் எந்தை’ என்று தொடங்கியதுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“இந்த அகராதி வார்த்தையெல்லாம் எதுக்குங்க?”

“போன மாசம் நீங்கதானுங்க சார், எல்லாம் சாதாரண வார்த்தையா இருக்குதுன்னு சொன்னீங்க.”

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

நான் திருத்திக் கொடுத்த பழைய தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். தறி ஓடும் வீடுகளில் அந்தச் சத்தத்திலேயே தூங்குவார்கள். சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். மலர்க்கொடி எழுதியிருந்தார்:

“தறி நின்னுது. எல்லாரும் எந்திரிச்சோம். அப்பா எந்திரிக்கல.”

அதைத்தான் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்.