பெரியத்தா வீட்டுப் பத்திரிகை

அபிராமபுரம், சென்னை.
வியாழன், காலை.

அன்புத் தம்பி முதஸ்ஸிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அக்கா உம்மே ஹானி எழுதுகிறேன். அம்மா, தங்கை ஜமீலா, உன் மச்சான் கரீமுல்லா எல்லாரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். ஷார்ஜாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்ப ஆசைதான். நம்பவில்லை.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் அனுப்பிய குரல் செய்திகளில் ஏழு இன்னும் கேட்கப்படாமலே கிடக்கின்றன. போனில் பிடித்தாலோ, நான் பேச வந்ததை விட்டுவிட்டுப் பிரியாணி அரிசிக்குப் போய்விடுவேன், நீ "சரிக்கா, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுவாய். உன் அறைத்தோழன் ஹம்மாத் லீவு முடிந்து சனிக்கிழமை ராத்திரி விமானத்தில் திரும்புகிறானாம். அன்று காலை வீட்டுக்கு வந்து இதை வாங்கிப்போகச் சொல்லியிருக்கிறேன். நீ கடைசி வரி படிக்கும்வரை எதிரிலேயே உட்கார வேண்டும் என்றும் சொல்லியாயிற்று.

ஜமீலாவின் நிக்காஹ் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி. அத்தா இல்லாத வீட்டில் அவளுக்கு வலியாக, பெண் தரப்புப் பொறுப்பாளனாக உட்கார்ந்து கைபிடித்துக் கொடுக்க வேண்டியவன் நீ. நீயோ, அத்தாவுக்கு அண்ணன்தானே, எப்படியாவது பெரியத்தாவைச் சமாதானப்படுத்தி உட்கார வையுங்கள், "நான் வந்தா ஏதாவது சொதப்பிடுவேன் அக்கா" என்று செய்தி அனுப்பிவிட்டாய். அதைக் கேட்டதிலிருந்து ஜமீலா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அண்ணன் வராததற்குக் காரணம் நான் என்று அவளுக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, துடைத்துவிட்டு வந்திருக்கிறேன். பேனா மாறியிருக்கும், முந்தியதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

ஒரு கூத்தைச் சொல்கிறேன், சிரித்துக்கொள். நாலு மாதம் முன்பு தி. நகருக்கு ஸ்கூட்டியில் போனேன். பனகல் பார்க் பக்கம் நிறுத்தி, துணி எடுத்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை வாசலில் வண்டி இல்லை. திருடு போய்விட்டது என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதியும் கொடுத்தேன். நிறுத்திய இடத்திலேயே கிடக்கிறது என்று மாலையில் அவர்கள் போன் செய்தார்கள். "டீச்சரம்மா, நல்லா யோசிச்சுட்டு வாங்கம்மா" என்றார் அந்த ஏட்டு. பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறவளுக்கு இந்த நிலைமை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. முப்பத்தேழு வயதிலேயே மூளை தேய்கிறதோ என்று அடையாறில் டாக்டர் வைதேகியிடம் போனேன். மனநல டாக்டர். யாரிடமும் சொல்லாதே என்று முதலில் உன் மச்சானிடம் சத்தியம் வாங்கினேன். இப்போது நானே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று முறை போக வேண்டியிருந்தது. இரண்டாம் முறை, சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்க அம்மாவை அழைத்து வரச் சொன்னார். அம்மாவும் வந்து கடகடவென்று ஆரம்பித்துவிட்டார். புத்தகப் பையைக் கடற்கரையில் விட்டது, தயிர் வாங்கப் போய்த் தூக்குவாளியோடு கிரிக்கெட் பார்த்து நின்றது, பரீட்சைக்கு ஒருநாள் முந்திப் போனது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அம்மா, இதெல்லாம் உங்க மகளா, மகனா?" என்றார். அத்தனையும் உன் கதை! அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா. இவளுக்கு மார்க்கும் வாயும் இருந்துச்சு, அதனால யாரும் ஒண்ணும் கேக்கல. அவனுக்கு ரெண்டும் இல்ல" என்றார்.

மூளை தேயவில்லையாம். ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அது என்று என் பள்ளிக்கூடத்திலேயே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளை வளர்ந்தால் பலருக்கு அதுவும் கூடவே வளருமாம். கவனமே இல்லை என்று அர்த்தம் இல்லை, இருக்கிற கவனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் நிறுத்த முடிவதில்லை என்றார். பெண்பிள்ளைகளுக்கு வெளியே ஓடியாடுவது தெரியாமல் மனசுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பதால் யார் கண்ணிலும் படாமல் போய்விடுமாம். நான் கையில் எழுதிக்கொள்வது, எல்லா இடத்துக்கும் ஒரு மணி நேரம் முந்திப் போய் நிற்பது, எல்லாம் அதைச் சமாளிக்கத்தானாம். நான் ஒழுங்கானவள் என்று நீங்கள் அத்தனை பேரும் நினைத்தீர்கள். நானும்தான் நினைத்தேன்.

உன்னைப் பற்றியும் கேட்டேன். பார்க்காதவருக்குப் பெயர் வைக்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரே குடும்பத்தில் வருவது உண்டு, வந்தால் பார்க்கலாம் என்றார். பழுதான ஏசியைப் பிரித்துப் போட்டு ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்காருகிறவன், கரண்ட் பில் கட்ட மட்டும் ஏன் மறந்தான் என்று நாம் யாராவது கேட்டோமா? திட்டினோம், அவ்வளவுதான். அதில் முதல் ஆள் நான்.

இனிதான் எழுதக் கை வராத விஷயம்.

போன வாரம் ஜமீலாவின் பத்திரிகைகளில் பெயர் எழுத உட்கார்ந்தேன். தங்க மைப் பேனாவைத் தேடினேன். என் நிக்காஹ் பத்திரிகைகளுக்குப் பெயர் எழுதினேனே, அந்தப் பேனா. பீரோவின் அடித்தட்டில் பெட்டியோடு கிடைத்தது. திறந்தால் பேனாவுக்கு அடியில் ஒரு பத்திரிகை. மேலே என் கையெழுத்து: சிந்தாதிரிப்பேட்டை, ஜனாப் கலீலுர் ரஹ்மான். பெரியத்தாவுக்கு உரிய பத்திரிகை.

பார்த்ததுமே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பெரியத்தா அந்த வருஷம்தான் ஹஜ்ஜுக்குப் போய் வந்திருந்தார். நான் பெயருக்கு முன்னால் ஹாஜி போட மறந்துவிட்டேன். வேறு உறையில் எழுதிக் கொடுக்கலாம் என்று பேனாவோடு சேர்த்து எடுத்து வைத்தேன். வைத்தவள் வைத்தவள்தான். நீ ஊரெல்லாம் சுற்றிக் கொடுத்தாயே, அந்தப் பையில் அது இருக்கவே இல்லை, தம்பி. நீ தொலைக்கவில்லை.

கையில் பத்திரிகை வைத்துக் கூப்பிடாத வீட்டுக்கு வரமாட்டேன் என்று பெரியத்தா நின்றுவிட்டார். அத்தா அண்ணனுக்காகக் கல்யாணமண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதம் கழித்து அத்தாவை அடக்கம் செய்த அன்று ஜனாஸாவுக்குத்தான் பெரியத்தா வந்தார். நாற்பதாம் நாள் பாத்திஹாவில் அத்தனை பேர் முன்னால், "உன் மறதியாலதான் அத்தா தன் அண்ணன் முகத்தைப் பார்க்காமலே போனாரு" என்று சொன்னேன்.

பெரியத்தாவுக்குப் பத்திரிகை போய்ச் சேரவில்லை என்று தெரிந்த அன்று, ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு நீ நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று தடவை பார்த்தாய். "நான்தான் எங்கியோ விட்டுட்டேன் போல" என்றாய். செய்யாத தப்பை எப்படியடா ஒத்துக்கொண்டாய்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். வீட்டில் எது காணாமல் போனாலும் உன்னைத்தான் கேட்டோம். கேட்டுக் கேட்டு, உன் ஞாபகத்தை நீயே நம்பாதபடி ஆக்கிவிட்டோம். என்னை மன்னித்துவிடு. அக்கா என்பதற்காக மன்னிக்க வேண்டாம், நான் செய்தது அநியாயம் என்று தெரிந்துகொண்டு மன்னி.

நேற்று அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். பெரியத்தா அட்டைப்பெட்டிக் கடையில் தனியாக இருந்தார். எல்லாவற்றையும் சொல்லி இரண்டு கையாலும் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னாமா ஹானி, அஞ்சு வருஷம் கயிச்சு பத்திரிகை வெக்கிற?" என்றார். அப்புறம் அழுதுவிட்டார். "என் தம்பிக்கு நானே ஒரு போன் போட்டு இன்னாடான்னு கேட்டிருக்கணும். வீம்பு புட்ச்சிக்கினு குந்தினு இருந்தேன்" என்றார். வலியாக உட்காருங்கள் என்று நீ சொன்னதையும் சொன்னேன். வந்ததே கோபம். "அண்ணங்காரன் உயிரோட இருக்க சொல்ல நான் இன்னாத்துக்கு குந்தணும்? அவன இட்டுகினு வா" என்றார். ஆகவே உனக்கு வேறு வழியில்லை.

சொதப்புவாய் என்கிறாய். சொதப்பு. அன்றைக்கு நீ சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம், நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத் பக்கத்தில் நின்று சொல்லித்தருவார். மோதிரம் மச்சானிடம் இருக்கும். எனக்கு நான்கு அலாரம், காலையில் ஒரு மாத்திரை, சாவிக்கு ஒரே ஆணி. இதெல்லாம் செய்து நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே, பாலைப் பார்த்தாய் அல்லவா. ஆனால் என்னை நானே திட்டிக்கொள்வது குறைந்திருக்கிறது. அது உனக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வீட்டுப் பிள்ளைக்குப் பத்திரிகை வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. இருந்தாலும் உன் பெயரைத் தங்க மையில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எழுதியதும் இடத்தை விட்டு எழுந்திருக்காமல் உறையில் போட்டுவிட்டேன்.

அல்லாஹ் உன் பயணத்தை இலேசாக்குவானாக. வரும் வழியில் எதை வேண்டுமானாலும் தொலைத்துக்கொள், பாஸ்போர்ட்டை மட்டும் பிடித்துக்கொள்.

துஆவுடன்,
உன் மறதிக்கார அக்கா,
உம்மே ஹானி

பி.கு. சனி, காலை. ஹம்மாத் வந்தான், டீ குடித்தான், ஊர்க்கதை பேசினான், போய்விட்டான். அவன் போய் அரை மணி கழித்துத்தான் கடிதம் மேசை மேலேயே இருப்பதைப் பார்த்தேன். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது பெரியத்தா வந்தார், அம்மாவைப் பார்க்க. அத்தாவின் ஜனாஸாவுக்குப் பிறகு இன்றுதான் நம் வீட்டுப் படியேறுகிறார். விஷயத்தைக் கேட்டதும் என்னைத் திட்டவில்லை. "அந்தப் பையன் வூடு புதுப்பேட்டைலதான கீது? பத்திரிகைன்னா கைலதான் குடுக்கணும். இத நானே எத்துகினு போறேன்" என்று எழுந்துவிட்டார். ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றாலும் கேட்கவில்லை, பஸ்ஸில்தான் போவாராம். முட்டிவலியோடு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், நான் இதை எழுதி முடிக்கக் காத்துக்கொண்டு. வந்துவிடு, தம்பி.