தலை குழிந்த காலணா

செஞ்சி,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ஷோபனா எழுதுகிறேன். நானும் நம் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். போன வாரம் பேசும்போது இருமிக்கொண்டே இருந்தீர்கள். மப்ளரைப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தால் அது பெட்டிக்குத்தான் கதகதப்பு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். என் போனைப் பாப்பா தண்ணீர்த் தொட்டியில் போட்டதிலிருந்து நீங்கள் உங்கள் அண்ணன் போனில்தான் பேசுகிறீர்கள். அதுவும் கூடத்தில், ஸ்பீக்கரில், எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க. இதை அப்படிச் சொல்ல முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது மாமா.

லீவில் வந்தபோது பாத்ரூமுக்குக் குழி தோண்டினீர்களே, அதில் கிடைத்த காலணாவைப் பற்றித்தான். ஒரு பக்கம் ராஜா தலை புடைத்து, மறுபக்கம் அதே தலை திரும்பிப் பார்த்தபடி உள்ளே குழிந்து, வருஷமே இல்லாமல் இருந்ததே. பாண்டிச்சேரியில் காட்டிக் கேள் என்றீர்கள். நானும் உங்கள் அண்ணனும் போனோம்.

காசு வியாபாரி நல்ல மனுஷர். எடை போட்டார், லென்ஸ் வைத்து ஓரமெல்லாம் பார்த்தார். முந்தி அடித்த காசு கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த தகடு அதன் மேல் மோதி இப்படிக் குழிந்துவிடுமாம். வருஷம் இருக்க வேண்டிய பக்கத்தில்தான் இந்தக் குழிந்த தலை விழுந்திருக்கிறதாம். இரண்டு காசைச் சேர்த்து நசுக்கி ஏமாற்றுகிறவர்களும் உண்டாம். அப்படிச் செய்தால் புடைத்த பக்கம் தட்டையாகிவிடும், இதில் மூக்கு நுனிகூட மழுங்கவில்லை, அசல் பிழைக்காசு என்றார். நாலாயிரம் தருகிறேன் என்றார்.

அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அந்த விலையைக் கேட்டதும் உங்கள் அண்ணன் முகம் மாறிவிட்டது. காசை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். பஸ்ஸில் வரும்போது, தம்மாத்துண்டு காலணாவுக்கு நாலாயிரம் இன்னாத்துக்குக் குடுக்குறான், மெஷின் தப்பு பண்ணதுக்கா, வேற இன்னாமோ இருக்குது, அதான் மறைக்கிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வியாபாரி சொன்னதை நான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. கோட்டையில் இருந்தவர்கள் புதைத்துவிட்டுப் போனது நம் கொல்லையில் இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு வெளியூர் ஆள் ஒருவர் வர ஆரம்பித்தார். கழுத்து நிறைய மணி, பேச்சே கிடையாது. காசைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, குழிந்த தலை மண்ணுக்குள் பார்க்கிறது, அதுதான் புதையலுக்குக் காவல் என்றாராம். பாத்ரூம் குழி இப்போது கிணறு மாதிரி ஆகிவிட்டது. தெருவில் யாரும் பார்க்காமல் இருக்கத் தகரம் போட்டு மறைத்திருக்கிறார்கள்.

இதுவரைக்கும் பைத்தியக்காரத்தனம் என்று விட்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை அந்த ஆள் பாப்பாவைக் கூப்பிட்டு நிற்க வைத்து, தலையிலிருந்து கால்வரை நூலால் அளந்தார். தலைச்சனா என்று கேட்டார். உங்கள் அண்ணன் ஆமாம் என்றார். அடுப்படியில் இருந்த எனக்கு, புதையலுக்குத் தலைச்சன் பிள்ளையைக் காவு கொடுக்கிற கதையெல்லாம் ஞாபகம் வந்தது. வெளியே வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன். திருஷ்டிக்குக் கயிறு கட்டத்தான் அளந்தது என்று உங்கள் அண்ணி மங்கை அக்கா சொன்னார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரக் கடைசியில் அமாவாசை. பாப்பாவை மலையனூர் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்கு அழைத்துக்கொண்டு போகிறேன் என்கிறார் உங்கள் அண்ணன். நம் தெருவில் பாதிப் பேர் போகிற இடம்தான், வேண்டாம் என்றால் சிரிப்பார்கள். அன்றைக்கு நான் கோயிலுக்கு வர முடியாத நாள் என்பது அக்காவுக்குத் தெரியும். சிவப்புப் பாவாடை எடுத்து வந்துவிட்டார். பாப்பா அதைக் கட்டிக்கொண்டு, பெரியப்பாகூட ஊஞ்ச பாக்கப் போறேன், நைனாவும் வருமா என்று கேட்கிறாள்.

உங்கள் அண்ணனை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. தினமும் அவளுக்கு பன் வாங்கி வராமல் வீட்டுக்குள் நுழைய மாட்டார். காசு வியாபாரி சொல்லையும் என் சொல்லையும் கேட்காமல், அந்த மணிக்காரர் சொல்லை மட்டும் கேட்கிறாரே, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. பனமலைக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அமாவாசை கழித்துப் போகலாம் என்றார். சொல்லாமல் போனாலும் பைக்கில் வந்து அழைத்து வந்துவிடுவார், அம்மாவும் மரியாதைக்கு அனுப்பிவிடுவாள். போலீசுக்குப் போனால் என்ன சொல்ல? நூலால் அளந்தார்கள் என்றா?

ஆனால் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டேன். நீங்கள் பேசாவிட்டால் ஊர் சிரித்தாலும் சரி, அவளோடு ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிடுவேன். அதற்கு முன்னால் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். தம்பி சொன்னால் உங்கள் அண்ணனுக்கு அப்பீல் கிடையாது.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே, யார் காலில் விழுந்தாவது ஒரு போன் போடுங்கள். கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். வழக்கம்போல ஸ்பீக்கரில், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, இந்த அமாவாசைக்கு எங்கள் மூத்த பிள்ளைக்கு ஒரு படையல் போட வேண்டும் அண்ணே என்று சொல்லுங்கள். எந்தப் பிள்ளை என்று கேட்பார்கள். ஜபல்பூர் ராணுவக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஏழு மாதத்தில் பிறந்து, பொழுது சாய்வதற்குள் போய்விட்டானே, அவனைச் சொல்லுங்கள். ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள். அதனால்தான் இத்தனை வருஷம் நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது நான் சொன்னால் பாப்பாவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்பார்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள். அவள் தலைச்சன் இல்லை மாமா, உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

அவனுக்கு நாம் எதுவுமே செய்ததில்லை. இருந்தாலும் தன் தங்கச்சியை அவன் பார்த்துக்கொள்வான் என்று நம்புகிறேன். நீங்களும் அங்கே பத்திரமாக இருங்கள், எல்லைக் காற்று உங்களை ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும்.

படையல் போடும்போது பெயர் கேட்பார்கள். ஒரு பெயர் யோசித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

உங்கள்
ஷோபனா