முடித்துவைத்தவர் யார்

2024 செப்டம்பர் 26, உதியன்குளங்கரை

நூலகச் செயலாளர் கனகதாஸ் வந்தார். அக்டோபர் இரண்டு பட்டிமன்றம்: ‘காந்தி வென்றாரா, தோற்றாரா?’ நான் நடுவர்.

“அண்ணே, ஏதாவது ஒரு தீர்ப்பு சொல்லணும். ரெண்டும் சரிதான்னு வழுக்கிரப்பிடாது. போன வருசம் நடுவர் அப்படிச் சொல்லி, ஆளுக டீ கூட குடிக்காம போனாவ.”

பத்திரிகை நிருபன் நான்; வாக்கு எண்ணும் நாளில் வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று என முன்கூட்டியே இரண்டு செய்தி எழுதி வைப்பேன். இதற்கும் அப்படியே செய்யலாம்.

செப்டம்பர் 27

அக்கா புஷ்பபாய் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மகன் ஜெனில் குடியை நிறுத்தும்வரை தண்ணீர் மட்டுமாம். எழுபத்திரண்டு வயது. சர்க்கரை உண்டு.

“சாவணும்னு இல்ல தம்பி. அவன் என்னை ஏறிட்டுப் பாக்கணும். அதாக்கும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. பயமும் வரவில்லை. பேட்டி எடுப்பதுபோல் கேட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 28

வெற்றிச் செய்தி எழுதினேன். உப்பு அள்ளிய கூட்டத்துக்குப் பயம் விட்டது. ஆங்கிலேயர் போனார்கள். பன்னிரண்டு வரி. திருத்தம் இல்லை.

செப்டம்பர் 29

தோல்விச் செய்தி. விடுதலை நாளில் அவர் தில்லி விழாவில் இல்லை. கல்கத்தாவில் உண்ணாமல் இருந்தார். நாடு இரண்டாயிற்று. ஜனவரியில் தில்லியில் மறுபடி உண்ணாவிரதம். தலைவர்கள் வாக்குக் கொடுத்தார்கள், முடித்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் சுட்டார்கள்.

இதிலும் திருத்தம் இல்லை. அதுதான் தொந்தரவு.

எத்தனை உண்ணாவிரதங்கள் எழுதியிருக்கிறேன்! கடைசியில் ஒரு படம். ‘இன்னார் பழச்சாறு கொடுத்து முடித்துவைத்தார்.’ மறுநாள் என்ன ஆயிற்று என்பதற்குப் பத்திரிகையில் இடம் கிடையாது.

செப்டம்பர் 30

அக்கா படுத்தே இருக்கிறாள். பின்பக்கம் போனால், அவனுக்காக அவள் எழுந்து ஆக்கிவைத்த சோற்றை ஜெனில் நாய்க்குத் தட்டிக்கொண்டிருந்தான். வாயில் பிராந்தி வாடை.

“நீ தின்னலியாலே?”

“அம்மை உண்ணாம நான் எப்பிடி மாமா உண்ணுவேன்?”

“பிறவு குடிச்சது?”

“குடி வேற, சோறு வேற. அம்மைகிட்ட சொல்லாண்டாம்.”

அவளுக்குத் தெரியாது. சொன்னால் அவனுக்காகச் சாப்பிட்டுத் தோற்பாள். சொல்லாவிட்டால்? சொல்லவில்லை.

அக்டோபர் 1

இங்கே கேரளத்தில் மாதம் ஒன்றாம் தேதி மதுக்கடை கிடையாது. ஜெனில் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளை போய்க் குடித்து வந்தான்.

அக்டோபர் 2

இன்று காந்தி ஜெயந்தி. எல்லைக்கு இரண்டு பக்கமும் மதுக்கடைக்குப் பூட்டு.

‘தோற்றார்’ அணி பேசிக்கொண்டிருக்கும்போது அக்காவின் பக்கத்து வீட்டு விஜயம்மா போன் செய்தாள். “ஜெனில் கெறங்கி விழுந்துட்டான். ஓடி வாங்க!” மேடையிலிருந்து இறங்கிப் போனேன்.

தரையில் கிடந்தான். கையும் காலும் நடுக்கம். குடி கிடைக்காதது பாதி, பசி பாதி. அப்போதுதான் அக்காவிடம் சொன்னேன், அவனும் சாப்பிடவில்லை என்று.

சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். எலுமிச்சை பிழிந்து, உப்பும் சீனியும் கலந்து ஒரு தம்ளரில் கொண்டுவந்தாள்.

“குடி மக்கா.”

“நீ குடி.”

“குடிலே, சவமே!”

“நீ குடிச்சாத்தான்.”

இரண்டு பேர் கையும் தம்ளரில். அவள் வாய்க்கு ஒரு முறை, அவன் வாய்க்கு ஒரு முறை. பாதி சட்டையில் போயிற்று. இனிக் குடிக்கமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரி. இருவருக்கும் குளுக்கோஸ் ஏறுகிறது.

இந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது? முடித்துவைத்தவர் யார்?

அக்டோபர் 5

இருவரும் வீடு திரும்பினார்கள்.

கனகதாஸ் வந்தார். “தீர்ப்பு சொல்லாம எறங்கிப் போனீங்க. அதுக்கும் ஒருத்தன் கைதட்டினான், பாத்துக்கிடுங்க. எழுதியாவது தாங்க.”

மறுநாள் போய்ப் பார்க்காமல் எழுத முடியாது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அக்டோபர் 15

இன்றும் மதுக்கடைப் பக்கம் போனேன். வரிசையில் ஜெனில் இல்லை. நேற்று நின்றான். இரண்டு நாளும் அக்கா அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.